யார் உள்ளே, யார் வெளியே: கொரீடாவின் இரண்டு குடும்பங்கள்

ஹிரோகஸு கொரீடாவின் 'புரோக்கர்' 2022இல் வந்தபோது நண்பர்கள் வட்டாரத்தில் ஏறக்குறைய எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள். "ஷாப்லிஃப்டர்ஸையே திரும்ப எடுத்திருக்காரு, சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல்." மேலோட்டமாகப் பார்த்தால் அது சரிதான். 2018இல் கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய 'ஷாப்லிஃப்டர்ஸ்', ரத்த சம்பந்தமில்லாத ஆறு பேர் டோக்கியோவில் ஒரு பழைய வீட்டுக்குள் குடும்பமாக வாழ்வதைப் பற்றியது. 'புரோக்கர்', ரத்த சம்பந்தமில்லாத சில பேர் தென்கொரியாவில் ஒரு ஓட்டை வேனுக்குள் குடும்பமாகிப்போவதைப் பற்றியது. இரண்டிலும் போலீஸ் பின்னாலேயே வருகிறது, குழந்தைகளுக்கு யார் அம்மா, யார் அப்பா என்ற கேள்வி வருகிறது, கடைசியில் அந்தக் கூட்டம் கலைகிறது.

எனக்கு அந்தச் சர்க்கரை பெரிய பிரச்சினையாகப் படவில்லை. கொரீடா தன் கையிலிருந்த குடும்பம் என்கிற கருத்தைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்ப் பக்கத்து நாட்டில் இறக்கி வைக்கிறார். அங்கே அது சரியாக உட்கார மாட்டேன் என்கிறது. உட்காராத அந்த இடங்களில்தான் படம் கொஞ்சம் பொய்யாகவும் தெரிகிறது, கவனிக்கத்தக்கதாகவும் தெரிகிறது.

நாம் பொதுவாக ஜப்பானையும் கொரியாவையும் ஒரே தட்டில் வைத்துத்தான் பேசுகிறோம். கன்பூசியஸ், பெரியவர்களுக்குக் குனிந்து வணக்கம், குச்சியில் சோறு, மாமியார் கொடுமை. 1990களில் லீ குவான் யூ போன்றவர்கள் 'ஆசிய மதிப்பீடுகள்' என்று ஒரு பொட்டலமே கட்டிக் கொடுத்தார்கள். புசானிலிருந்து ஜப்பானின் சுஷிமா தீவு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருந்தால் கரையில் நின்றே பார்க்கலாம். ஆனால் குடும்பத்துக்குள் எப்படி நுழைவது, அதிலிருந்து எப்படி வெளியேறுவது என்ற விஷயத்தில் இந்த இரண்டு நாடுகளும் எதிரெதிரே நிற்கின்றன. ஜப்பானியக் கதைகளில் குடும்பம் ஒரு வீடு. கதவு வழியாக அந்நியர் உள்ளே வரலாம், அதே கதவு வழியாக யாரும் சத்தமில்லாமல் வெளியே போய்விடலாம். கொரியக் கதைகளில் அது ஒரு கொடி. வெளியாள் வந்து ஒட்டுவது கஷ்டம், உள்ளே பிறந்தவர் அறுத்துக்கொண்டு போவது அதைவிடக் கஷ்டம். பாசம் எங்கே கூட, எங்கே குறைச்சல் என்ற கணக்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

(இனிமேல் வருவதில் பல படங்களின், நாவல்களின் முடிவுகள் உடைபடும். பார்க்காதவர்கள், படிக்காதவர்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.)

முதலில் 'ஷாப்லிஃப்டர்ஸ்'. ஒசாமு, நொபுயோ, பாட்டி ஹட்சுயே, இளம்பெண் அகி, சிறுவன் ஷோட்டா. கடைசியாகச் சேர்பவள் யூரி என்ற குட்டிப் பெண். குளிரில் பால்கனியில் தனியாகக் கிடந்தவளை ஒசாமு தூக்கிக்கொண்டு வருகிறான். திரும்பக் கொண்டுபோய் விடலாம் என்று போகும்போது அவள் வீட்டுக்குள்ளிருந்து சண்டைச் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான், அவள் இவர்கள் வீட்டுப் பிள்ளை ஆகிவிடுகிறாள். இந்தச் சேர்க்கை எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று கவனியுங்கள். ஒரு கிண்ணம் சூப், ஒரு படுக்கை, பிறகு முடிவெட்டு, ஒரு புதுப் பெயர். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பதில்லை.

வெளியே போவதும் அப்படியே. பாட்டி செத்ததும் வீட்டுக்கு அடியிலேயே புதைக்கிறார்கள், அவளுடைய பென்ஷன் மட்டும் தொடர்ந்து வருகிறது. ஷோட்டா பிடிபட்டதும் மற்றவர்கள் அவனை மருத்துவமனையில் விட்டுவிட்டு மூட்டை கட்டுகிறார்கள். நாம் இரண்டு மணி நேரம் நம்பிய குடும்பம் ஒரே ராத்திரியில் கலைகிறது. முதல்முறை பார்த்தபோது எனக்கு அந்த வேகம்தான் தாங்கவில்லை. "இவ்வளவுதானாடா?" என்று இருந்தது.

இந்தச் சுலபத்துக்கு ஜப்பானில் நீண்ட பின்னணி உண்டு. 'இயே' என்று அவர்கள் சொல்வது வீடும் தொழிலும் பெயரும் சேர்ந்த ஒரு நிறுவனம். அது தொடர வேண்டும், யார் தொடர்கிறார்கள் என்பது இரண்டாம் பட்சம். மகன் இல்லையா, மகன் உதவாக்கரையா, மருமகனைத் தத்தெடுத்து வீட்டுப் பெயரைக் கொடுத்துவிடலாம். 'முகோயோஷி' என்று பெயர். நம்ம ஊர் மாருதி காரின் பின்னால் ஒட்டியிருக்கும் 'சுசுகி' என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்தைப் பல பத்தாண்டுகள் ஆண்டு, 2024இல் மறைந்த ஒசாமு சுசுகி பிறப்பால் சுசுகி கிடையாது. மட்சுதா. சுசுகி வீட்டுப் பெண்ணைக் கட்டி அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டவர். நாம் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்று வடிவேலு குரலில் நக்கலடிக்கும் ஆசாமி அங்கே கம்பெனித் தலைவர். அங்கேயும் நக்கல் இல்லாமல் இல்லை. மூன்று படி தவிடு கையில் இருந்தாலும் முகோயோஷியாகப் போகாதே என்ற அர்த்தத்தில் ஒரு பழமொழி இருக்கிறது. ஆனாலும் போனார்கள், இன்றைக்கும் போகிறார்கள். ஜப்பானில் நடக்கும் தத்தெடுப்புகளில் மிகப் பெரும்பாலானவை வளர்ந்த ஆட்களைத் தத்தெடுப்பவை. ஆதரவற்ற சின்னக் குழந்தையைத் தத்தெடுப்பது அங்கே அபூர்வம் என்பது இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக அது கருணையால் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

1947இல் போருக்குப் பிந்தைய சட்டத் திருத்தத்தில் இயே முறை ஒழிந்தது. 'கோசெகி' என்ற குடும்பப் பதிவேடு மட்டும் மிஞ்சியது. ஒரு பதிவேட்டுக்கு ஒரே குடும்பப் பெயர். கல்யாணம் ஆனால் இருவரில் ஒருவர் பெயரை விட்டாக வேண்டும், ஏறக்குறைய நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் விஷயத்தில் விடுவது மனைவி. உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் இதைச் சரி என்றே சொன்னது. வீட்டுக்குள் வந்தால் வீட்டின் பெயர். மனைவி என்பவளே ஒரு வகையில் தத்தெடுக்கப்பட்டவள்தான்.

"அப்ப 'லைக் ஃபாதர் லைக் சன்' எந்தக் கணக்கு?" என்று கொரீடா ரசிகர்கள் சண்டைக்கு வரலாம். நியாயம்தான். 2013இல் வந்த அந்தப் படத்தில் மருத்துவமனையில் குழந்தைகள் மாறிப்போயிருக்கின்றன, ஆறு வருஷம் கழித்துத் தெரிகிறது, தந்தை ரியோட்டா ரத்தத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறான். ஜப்பானிலும் ரத்தம் பேசுகிறது. அந்தப் படம் அங்கே திரைக்கு வந்த அதே செப்டம்பரில்தான், கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குச் சொத்தில் பாதிப் பங்கு என்றிருந்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஆனால் படம் யார் பக்கம் நிற்கிறது? குழந்தைகளை வேண்டுமென்றே மாற்றிய நர்ஸிடம் ரியோட்டா கோபமாகப் போகும்போது, அவள் பெறாத, கணவனின் முதல் தாரத்துப் பையன் குறுக்கே வந்து நிற்பான். ரியோட்டாவுக்குப் பேச்சு வராது. கொரீடாவின் தராசு அந்தப் பையன் பக்கம் சாய்வதற்கு அவருடைய மனிதநேயம் மட்டும் காரணமில்லை. சேர்ந்து வாழ்ந்தால் சொந்தம் என்ற எண்ணத்துக்கு அந்த மண்ணில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது, ஒரு பதிவேடு இருக்கிறது, வாசகர்களும் பார்வையாளர்களும் இருக்கிறார்கள்.

இப்போது கடல் தாண்டுவோம். கொரியாவில் மனைவி பெயரை மாற்றுவதில்லை. கிம் வீட்டுக்கு வாழ வந்த பார்க், சாகும்வரை பார்க்தான். முற்போக்கு என்று நினைத்துவிட வேண்டாம், அவள் இந்தக் கொடியில் பிறந்தவள் இல்லை என்பதைத்தான் அந்தப் பெயர் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் மட்டும் கிம். பெயர் அங்கே வீட்டுக்கு ஒட்டிய பலகை கிடையாது, தந்தைவழி ரத்தத்தின் முத்திரை. "நான் சொல்றது பொய்னா என் குலப்பெயரையே மாத்திக்கிறேன்" என்ற பொருளில் சத்தியம் செய்யும் வழக்கம் இன்றைக்கும் கொரிய மொழியில் இருக்கிறது. நடக்கவே முடியாத காரியத்துக்கு அது உதாரணம். ஜப்பானில் பாதிப் பேர் கல்யாணத்தன்று செய்யும் காரியம்!

பிள்ளையில்லாதவர்கள் அங்கேயும் சுவீகாரம் எடுத்தார்கள். ஆனால் பங்காளி வீட்டுப் பையனைத்தான், அதுவும் மூதாதையருக்குப் படையல் வைக்க ஆள் வேண்டும் என்பதற்காக. ஒரே குலப்பெயரும் ஒரே பூர்வீக ஊரும் கொண்டவர்கள், எத்தனை தலைமுறை விலகியிருந்தாலும், கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்று சட்டமே இருந்தது. 1997இல்தான் அரசியல் சாசன நீதிமன்றம் அதைத் தள்ளியது. இன்றைக்கும் எட்டாவது படி வரையிலான உறவுக்குள் திருமணம் கூடாது. பக்கத்து ஜப்பானில் சித்தப்பா மகளையே கட்டலாம். மாமன் மகளைக் கட்டினால் முறை, பங்காளி மகளை நினைத்தாலே பாவம் என்று வளர்ந்த நமக்கு இரண்டு நாடும் பாதிப் பாதி புரியும்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த, கொஞ்சம் கசப்பான திருப்பம் ஒன்று உண்டு. 1940இல் ஜப்பானியக் காலனி அரசு கொரியர்களை ஜப்பானிய பாணியில் வீட்டுப் பெயர் வைத்துக்கொள்ள வைத்தது. கொடியின் பெயரை எடுத்துவிட்டு வீட்டின் பெயரைத் திணிப்பது. ஆட்சியாளர்களுக்கு அது நிர்வாகம், கொரியர்களுக்குச் செத்துப்போன தாத்தன்மார்களிடம் முகம் காட்ட முடியாத அவமானம். விடுதலைக்குப் பிறகு பழைய பெயர்கள் திரும்பின. ஆனால் காலனி ஆட்சியோடு உள்ளே வந்த இன்னொன்று திரும்பிப் போகவில்லை. குடும்பத் தலைவர் என்ற ஆணின் கீழ் எல்லாரையும் பதிந்துவைக்கும் 'ஹோஜு' முறை அது. ஜப்பான் தன் வீட்டில் 1947இல் தூக்கிப்போட்டதைக் கொரியா 1958இல் எழுதிய தன் சிவில் சட்டத்தில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது. அப்பா செத்தால் குடும்பத் தலைவர் அம்மா கிடையாது, மகன், அவன் தொட்டிலில் கிடந்தாலும்! பெண்கள் அமைப்புகள் இதற்கு எதிராகப் போராடியபோது கன்பூசியச் சங்கங்கள் தெருவுக்கு வந்து, இது எங்கள் ஐயாயிரம் வருஷப் பண்பாடு என்கிற தோரணையில் பேசின. நீதிமன்றம் 2005இல் தீர்ப்புச் சொல்லி, 2008இல்தான் அது முழுசாகப் போனது. 'நம் குடும்ப மதிப்பீடுகள்' என்று யாராவது நெஞ்சை நிமிர்த்தும்போது அந்தக் காகிதம் எந்த வருஷம், எந்த அச்சகத்தில் அடித்தது என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

கொடியின் ஒழுக்கம் எப்படிப்பட்டது என்பதைக் காட்ட போங் ஜூன்-ஹோவின் 'மதர்' (2009) போல இன்னொரு படம் எனக்குத் தெரியாது. மனவளர்ச்சி குன்றிய மகன் மேல் கொலைப்பழி. ஊரே நம்பினாலும் அம்மா நம்பவில்லை, தனியாகவே துப்பறியப் புறப்படுகிறாள். அம்மாவாக நடிப்பவர் கிம் ஹே-ஜா. தொலைக்காட்சித் தொடர்களில் பல வருஷம் தாயாக நடித்து 'தேசத்தின் தாய்' என்று பெயர் வாங்கியவர். போங் வேண்டுமென்றேதான் அவரைப் பிடித்துப் போட்டிருக்கிறார். கடைசியில் மகன்தான் செய்தான் என்பதற்குச் சாட்சி கிடைக்கிறது. அவள் அந்தச் சாட்சியை அடித்துக் கொல்கிறாள். பிறகு போலீஸ் வேறொரு பையனைப் பிடித்து மகனை விட்டுவிடுகிறது. அந்தப் பையனைப் பார்க்க அவள் சிறைக்குப் போகிறாள். அவனும் மனவளர்ச்சி குன்றியவன். அவள் அவனிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: உனக்கு அப்பா அம்மா இல்லையா, அம்மா இல்லையா? கேட்டுவிட்டு அழுகிறாள்.

அந்த அழுகையின் அர்த்தம் எனக்குப் புரியச் சில வருஷம் ஆனது. அவனுக்காகக் கொலை செய்ய ஒரு ஆள் இல்லை. அதனால் அவன் உள்ளே. கொடியில் இல்லாதவனுக்கு நீதியும் இல்லை. அவள் அதைத் தெரிந்தே எழுந்து வருகிறாள்.

இதை 'ஷாப்லிஃப்டர்ஸ்' விசாரணை அறையோடு வைத்துப் பாருங்கள். அங்கே பெண் அதிகாரி நொபுயோவிடம் கேட்கிறாள், குழந்தைகள் உன்னை என்னவென்று கூப்பிட்டார்கள் என்று. நொபுயோ பதில் சொல்ல முயன்று, முகத்தை மறுபடி மறுபடி கையால் துடைக்கிறாள். சகுரா அந்தோவின் அந்த ஒரு நிமிஷத்துக்கே எத்தனை விருது வேண்டுமானாலும் கொடுக்கலாம். இரண்டு அறையிலும் கேள்வி 'அம்மா'தான். டோக்கியோவில் அது ஒரு சொல்லைப் பற்றிய கேள்வி. சேர்ந்து இருந்தீர்களே, அந்த உறவுக்குப் பெயர் உண்டா? கொரியாவில் அது ஆள்பலத்தைப் பற்றிய கேள்வி. உனக்குப் பின்னால் யார்?

சரி, 'புரோக்கர்'. தேவாலயம் ஒன்றின் குழந்தைப் பெட்டியில் விடப்படும் சிசுக்களைத் திருடி விற்கும் இரண்டு பேர். சலவைக்கடைக்காரன் சாங்-ஹ்யுனாக சாங் காங்-ஹோ, அநாதை இல்லத்தில் வளர்ந்த டோங்-சூவாக காங் டோங்-வான். குழந்தையை விட்டுப் போன சோ-யங் (ஐயூ) மறுநாள் திரும்பி வந்து இவர்களோடு வேனில் ஏறிக்கொள்கிறாள். நல்ல வாங்குபவரைத் தேடி ஊர் ஊராகப் போகிறார்கள். குழந்தைப் பெட்டி இரண்டு நாட்டிலும் உண்மையில் இருக்கிறது. ஜப்பானில் குமமோட்டோ நகர மருத்துவமனை ஒன்றில் 2007இலும், சியோலில் தேவாலயம் ஒன்றில் 2009இலும் தொடங்கினார்கள். ஜப்பானில் முதல் பதினைந்து பதினாறு வருஷத்தில் வந்த குழந்தைகள் ஏறக்குறைய 170. சியோலில் இரண்டாயிரத்தைத் தாண்டிவிட்டது. (நம்ம சேலத்தில் 1992இல் வைத்த தொட்டில் இவை இரண்டுக்கும் மூத்தது. ஆனால் அது பெண் குழந்தையைக் கொல்லாமலிருக்க வைத்தது, வேறு கதை.)

கொரியாவில் ஏன் இத்தனை? மணமாகாத தாய் என்றால் கொடியிலேயே சேராத பிள்ளை. போருக்குப் பின் அறுபது எழுபது வருஷத்தில் ஏறக்குறைய இரண்டு லட்சம் குழந்தைகள் வெளிநாட்டுக்குத் தத்துப் போனார்கள். உள்ளூரில் அந்நிய ரத்தத்தை வீட்டுக்குள் சேர்க்க ஆள் குறைவு என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2012இல் சட்டம் இறுகியது. குழந்தையைத் தத்துக்குக் கொடுக்க வேண்டுமென்றால் தாய் முதலில் பிறப்பைத் தன் பெயரில் பதிய வேண்டும். குழந்தைக்கு வேர் தெரிய வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் பதிவேட்டில் பெயர் ஏறுவதற்குப் பயந்தவர்கள் இருட்டில் பெட்டியைத் தேடி வந்தார்கள். அடையாளத்தை மறைத்துப் பெற்றுக்கொள்ள வழிசெய்யும் சட்டம் 2024இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கொரீடா இதையெல்லாம் தெரிந்துதான் எடுத்திருக்கிறார். படத்தில் கொரியா உண்மையாகத் துடிக்கும் இடங்கள் மூன்று நான்கு இருக்கின்றன. திரும்ப வருவேன் என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போகும் தாய்மார்களைப் பற்றி டோங்-சூ பேசும் கசப்பு ஒன்று. அந்தச் சீட்டு இருக்கும்வரை அந்தக் குழந்தை யாருக்கும் தத்துப் போக முடியாது. காத்திருந்தே வளர்ந்துவிடும். அறுந்தும் அறாத கொடி. இன்னொன்று, செத்துப்போன தந்தையின் மனைவி, கணவன் வேறொருத்தியிடம் பெற்ற பிள்ளையை எப்படியாவது வாங்கிவிட ஆள் அனுப்புவது. ஜப்பானியக் கதையில் இந்தப் பெண் வந்திருக்கவே மாட்டாள்.

ஆனால் படத்தின் நடுநாயகமாக கொரீடா வைத்திருப்பது வேறு. விடுதி அறையில் விளக்கை அணைத்துவிட்டு, பிறந்ததற்கு நன்றி என்று சோ-யங் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிச் சொல்வாள். பலர் அழுத காட்சி. எனக்கு அங்கேதான் படம் கையை விட்டுப் போனது. அது 'ஷாப்லிஃப்டர்ஸ்' வீட்டின் படுக்கையறை. நான்கு சுவர், ஒரு கூரை, சேர்ந்து படுத்தோம், ஆகவே குடும்பம். ஜப்பானில் இந்தச் சமன்பாட்டைக் கேள்வி கேட்காமலே நம்மால் ஏற்றுக்கொள்ள முடிந்தது. இங்கே ஒவ்வொரு பாத்திரமும் யாரோ ஒருவரின் கொடியிலிருந்து அறுந்து விழுந்த இடத்தில் இன்னும் ரத்தம் காயாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கூரை போதும் என்று படம் சொல்லும்போது, அவர்களுடைய வலியைப் படமே சின்னதாக்கிவிடுகிறது. முடிவில் குழந்தையைச் சுற்றிப் பல பெரியவர்கள், போலீஸ்காரி வளர்க்கிறாள், வாங்க வந்தவர்கள் வந்து பார்க்கிறார்கள், அம்மா சிறையிலிருந்து வருகிறாள். ஆசை நல்ல ஆசைதான். அதுவரை படம் காட்டிய நாட்டில் அந்த ஏற்பாடு எந்தக் காகிதத்தில் ஏறும் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

மாறாக, மகளைச் சந்திக்கும் காட்சியில் சாங் காங்-ஹோவின் முகத்தைப் பாருங்கள். விவாகரத்தான மனைவி மறுபடி கர்ப்பமாக இருக்கிறாள், இனிமேல் வர வேண்டாம் என்று மகளே சொல்கிறாள். அவன் சிரித்துச் சமாளிக்கிறான். அதில் வசனம் கொஞ்சம்தான், சர்க்கரையே இல்லை. கானில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்ததற்கு என் கணக்கில் அந்தக் காட்சி போதும்.

வெளியேறும் கதவைப் பற்றிச் சொன்னேன். அதற்கு இரண்டு நாவல்கள். ஹான் காங்கின் 'மரக்கறி' (2007), சயாகா முராட்டாவின் 'கன்வீனியன்ஸ் ஸ்டோர் உமன்' (2016). இரண்டிலும் ஒரு பெண் எல்லாரும் செய்யும் ஒன்றைச் செய்ய மறுக்கிறாள். யியோங்-ஹே கறி தின்ன மறுக்கிறாள். கெய்க்கோ கல்யாணமும் 'ஒழுங்கான வேலை'யும் வேண்டாம் என்று பதினெட்டு வருஷம் ஒரு கடையில் பகுதிநேர வேலையிலேயே இருக்கிறாள். கொரிய நாவலில் குடும்பமே கூடி உட்கார்ந்த சாப்பாட்டு நேரத்தில் அப்பா மகளை அறைந்து, வாயில் கறியைத் திணிக்கிறார். அவள் கல்யாணமானவள், புருஷன் பக்கத்திலேயே இருக்கிறான். யாருக்கும் அப்பாவின் உரிமையில் சந்தேகம் வருவதில்லை. அவளுடைய உடம்பு இன்னும் அவர் கொடியின் கிளை. ஜப்பானிய நாவலில் யாரும் கையை ஓங்குவதில்லை. தங்கை, ஊர் கேட்டால் சொல்ல ஒரு நல்ல பொய்யைத் தயாரித்துக் கொடுக்கிறாள். எப்போதுதான் உனக்குச் சரியாகும் என்று அழுகிறாள். அக்கா வீட்டில் ஒரு ஆண் இருக்கிறான், அவன் வெறும் ஒட்டுண்ணி என்றாலும், தங்கைக்கு அது போதும், நிம்மதி. அங்கே வன்முறை முழுக்க இந்த மென்மையில்தான் இருக்கிறது. எதைத் தாங்குவது சுலபம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஹான் காங்கின் பெற்றோர் பாத்திரங்கள் பிறகு மகளைக் கைகழுவிவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். என் 'கொடி' வாதத்துக்கு அது இடிக்கிறது. ஆனால் அக்கா இன்-ஹேயால் முடிவதில்லை. புருஷன் செய்த துரோகத்துக்குப் பிறகும், மருத்துவமனைக்குப் பஸ் பிடித்துப் போய்க்கொண்டே இருப்பவள் அவள்தான். எல்லாரும் அறுத்துக்கொண்டால் பாரம் ஒருத்தி தலையில் இறங்குகிறது, பெரும்பாலும் மூத்த பெண் தலையில். ஜப்பானில் காணாமல் போவதற்கென்றே 'ஜோஹட்சு' என்று ஒரு சொல் இருக்கிறது, ஆவியாகிவிடுதல். இமாமுரா 1967இலேயே அதை வைத்து ஒரு படம் எடுத்தார். இன்-ஹேக்கு ஆவியாகும் யோகம் இல்லை.

இதோடு நிறுத்தினால் கொரியாவில் ரத்தத்துக்கு வெளியே குடும்பமே சாத்தியமில்லை என்றாகிவிடும். அது உண்மையில்லை. கொரீடாவே பார்த்து ரசித்து, அதனால்தான் ஐயூவைத் தேர்ந்தெடுத்தார் என்கிற 'மை மிஸ்டர்' தொடர் 2018இல் வந்தது, 'ஷாப்லிஃப்டர்ஸ்' வந்த அதே வருஷம். அதில் ஐயூ, ஜி-ஆன். காது கேளாத பாட்டியை வைத்துக்கொண்டு கடனில் மூழ்கிக் கிடப்பவள். அலுவலகத்து மேலாளர் டோங்-ஹூன் (மறைந்த லீ சன்-க்யூன்) ஒருநாள் சாதாரணமாகக் கேட்கிறான், பாட்டியை ஏன் இலவச இல்லத்தில் சேர்க்கவில்லை என்று. பேத்திக்குச் சட்டப்படி பராமரிக்கும் கடமை இல்லை, முகவரிப் பதிவைப் பிரித்துக்கொண்டால் போதும் என்கிறான். இதைச் சொல்லித்தர இத்தனை வருஷம் அவளுக்கு ஒரு பெரியவர் இருந்ததில்லை. குடும்பத்துக்கு வசதி இருந்தால் அரசு உதவி கிடையாது என்ற விதி அங்கே 2021 வரை இறுக்கமாகவே இருந்தது. பாட்டியைக் காப்பாற்றக் காகிதத்தில் பாட்டியை விட்டுப் பிரிய வேண்டும். அந்தக் காட்சியில் பின்னணி இசை பீறிடுவதில்லை, விடுதி அறை இருட்டும் கிடையாது. ஒரு ஆள் இன்னொரு ஆளுக்கு விதியைச் சொல்லித் தருகிறான்.

பிறகு பாட்டி இறக்கிறாள். ஜி-ஆனுக்கு வேறு சொந்தம் யாரும் இல்லை. டோங்-ஹூனின் அண்ணன், வேலை போய், மனைவி பிரிந்து, அம்மா வீட்டில் ஒண்டிக் கிடக்கும் தண்டச்சோறு, தரைவிரிப்புக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த காசை எடுத்து இழவுக் கூடம் நிறைய மலர்வளையம் வாங்கி நிறுத்துகிறான். தெருவே திரண்டு வருகிறது, கால்பந்து ஆடும் கிழட்டுப் பையன்கள் எல்லாம் கறுப்பு உடுப்பில் உட்கார்ந்து குடிக்கிறார்கள். ஜி-ஆன் வாசலில் நின்று, வந்தவர்களுக்கு வீட்டு ஆளாகக் குனிந்து வணக்கம் வைக்கிறாள்.